வாடகை உயர்வு: வக்கீலை எந்த அளவுக்கு வைத்துக்கொள்வது? (சன்னிவேல், கலிபோர்னியா)

1988-ல் கட்டிய பெரிய அபார்ட்மெண்ட்டில் பல வருடமாகக் குடியிருக்கிறோம். வாடகை 2,800 டாலர். அடுத்த மாதத்திலிருந்து 3,250 என்று கதவில் தாள் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். கிட்டத்தட்ட 16 சதவீதம்!

ஏபி 1482 என்கிற கலிபோர்னியா வாடகை வரம்புச் சட்டப்படி வருடத்துக்கு 5 சதவீதம், கூடவே விலைவாசி உயர்வு, அவ்வளவுதான் ஏற்றலாம். எப்படிப் பார்த்தாலும் 10-ஐத் தாண்டக் கூடாது. கடந்த 15 வருடத்துக்குள் கட்டியதற்கு விலக்கு உண்டு. எங்கள் கட்டடம் அதில் வராது. விலக்குள்ள கட்டடமாகவே இருந்தாலும், 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் 90 நாள் முன்னறிவிப்பு வேண்டும். தாளில் இருப்பது 30 நாள்.

இதையெல்லாம் மேனேஜருக்கு எழுதினேன். "மார்க்கெட் ரேட்" என்று ஒற்றை வரி பதில். இலவச சட்ட உதவி மையத்தில் எங்கள் வருமானம் வரம்பைத் தாண்டுகிறது என்றார்கள். சரி, தனியார் வக்கீல் என்று போனால் முழு வழக்குக்கும் முன்பணம் கேட்கிறார்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். ஜெயித்தால் வக்கீல் கட்டணத்தை எதிர்த்தரப்பு தரும்படி நீதிமன்றம் சொல்லலாம்தான், ஆனால் அது கடைசியில்.

எங்கள் சான்டா கிளாரா கவுண்டியில் யாராவது வழக்குப் போடாமல், நிலையான கட்டணத்துக்கு வக்கீல் நோட்டீஸ் மட்டும் அனுப்பி வாடகையைக் குறைக்க வைத்திருக்கிறீர்களா?