ஈஸ்டர் மேசை அலங்காரம்: நூல் முட்டை குழிந்துபோகிறது, என்ன செய்யலாம்?

நூல்கண்டு:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் இத்தனை வருடமும் ஈஸ்டர் மேசையை அம்மாதான் அலங்கரித்தார். இப்போது அவருக்குக் கை நடுங்குகிறது, கத்தரிக்கோல் பிடிக்க முடிவதில்லை. இந்த முறை நான் செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். பன்னிரண்டு பேர் உட்காரும் நீள மேசை. கையில் வெள்ளை, மஞ்சள் கிரேப் தாள், சார்ட் அட்டை, உல்லன் நூல், வெள்ளைப் பசை, மெல்லிய கம்பி, ஒரு பாக்கெட் பலூன் இருக்கின்றன.

பசையில் தோய்த்த உல்லன் நூலைப் பலூன் மேல் சுற்றி முட்டை செய்து பார்த்தேன். இரவு சுற்றி, காலையில் பலூனை உடைத்தேன். பலூன் சுருங்கும்போது நூலையும் உள்ளே இழுத்துக்கொண்டது, ஒரு பக்கம் முழுக்கக் குழிந்துவிட்டது. எங்கே தவறினேன்? மேசை நடுவில் வேறு என்ன வைக்கலாம்? இன்னும் பத்து நாள் இருக்கிறது.

காகிதலில்லி:
உங்களுக்கு நடந்தது எனக்கும் மூன்று முறை நடந்திருக்கிறது. முதல் காரணம் நூல். கடையில் உல்லன் என்று விற்பது பெரும்பாலும் செயற்கை இழை. அது பசையை உறிஞ்சாது, மேலே பூசினாற்போல் நிற்கும். பருத்தி நூலுக்கு மாறுங்கள். பசை இரண்டு பங்குக்குத் தண்ணீர் ஒரு பங்கு போதும். பலூனைக் கைமுட்டி அளவுக்கு மட்டும் ஊதி, சுற்றுவதற்கு முன் துளி எண்ணெய் தடவுங்கள். அப்போதுதான் பசை ரப்பரில் பிடிக்காது. ஒரு இரவு போதாது, 24 மணி நேரமாவது தொங்கவிடுங்கள். கடைசியில் சட்டென்று உடைக்காதீர்கள். பென்சில் முனையால் நூல் இடுக்குகளில் பலூனை மெல்ல உள்ளே தள்ளிப் பிரித்துவிட்டு, முடிச்சருகில் ஊசியால் குத்திக் காற்றை மெதுவாக விடுங்கள்.

மேசை நடுவுக்கு என் மனதுக்குப் பிடித்தது வெள்ளை லில்லிதான். கிரேப் தாளில் சுருக்கக் கோடுகள் ஓடுமே, இதழின் நீளம் அந்தக் கோடுகளோடு போக வேண்டும். குறுக்கே வெட்டினால் இதழ் குழிவாக வராது, பூவே தொங்கிப்போகும். 10 செ.மீ. நீளத்தில் ஆறு இதழ்கள் வெட்டுங்கள். மூன்று சற்று அகலமாக இருக்கட்டும், அவை உள்ளே வரும். மற்ற மூன்றும் வெளியே, இடைவெளியை மூடுவது போல. ஒவ்வொரு இதழின் நடுப்பகுதியையும் இரண்டு கட்டைவிரலாலும் அகலவாட்டில் மெல்ல இழுத்தால் கிண்ணம் போல் குழியும். நுனியைப் பென்சிலில் சுருட்டிவிடுங்கள். உண்மையான லில்லியில் மகரந்தத் தாள்கள் ஆறு. கம்பி முனையில் மஞ்சள் தாளைச் சுற்றி அதையும் வைத்துவிடுங்கள், பூவுக்கு உயிர் வந்துவிடும்.

உயரத்தில் கவனமாக இருங்கள். ஒரு சாண் உயரத்தைத் தாண்டினால் எதிரே இருப்பவர் முகம் தெரியாது. மெழுகுவர்த்தி வைப்பதானால் காகிதப் பூக்களிலிருந்து நன்றாகத் தள்ளி வையுங்கள். கிரேப் தாள் நொடியில் பற்றிக்கொள்ளும். ஈரம் பட்டால் அதன் சாயமும் மேசை விரிப்பில் இறங்கிவிடும்.

விதைநெல்:
காகிதலில்லி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். முட்டை ஓடுகளை வீசாதீர்கள். மேல் பகுதியை மட்டும் உடைத்து, கழுவி, உள்சவ்வை உரித்து, ஈரப் பஞ்சு வைத்துக் கடுகை நெருக்கமாகத் தூவுங்கள். முளை விடும்வரை மூடி வைத்து, பிறகு ஜன்னலோரம். தண்ணீரை ஊற்றாமல் தெளியுங்கள். ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறான குருத்து ஞாயிறன்று விதைத்தால் ஈஸ்டருக்குள் பச்சைப்பசேலென்று நிற்கும். ஓடு உருளாமல் இருக்க, 2.5 செ.மீ. அகலம், 12 செ.மீ. நீளத்தில் சார்ட் அட்டையை வெட்டி வளையமாக ஒட்டி அதில் உட்கார வைக்கலாம். அந்த வளையத்திலேயே விருந்தினர் பெயரையும் எழுதிவிட்டால் தனியாகப் பெயர் அட்டை வேண்டாம்.

இதில் கத்தரிக்கோலே தேவையில்லாத வேலை விதை தூவுவது. அதை அம்மாவிடம் கொடுத்துப் பாருங்களேன்.

நூல்கண்டு:
இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி. பருத்தி நூலில் நான்கு சுற்றினேன், இரண்டு நன்றாக நின்றன. மற்ற இரண்டையும் அவசரப்பட்டு 18 மணி நேரத்தில் பிரித்துவிட்டேன். இனி முழுதாகக் காத்திருப்பேன். லில்லியில் இதுவரை ஐந்து முடித்திருக்கிறேன், முதல் பூவை மட்டும் கோடுகளுக்குக் குறுக்கே வெட்டியிருந்தேன், அதை ஒதுக்கிவிட்டேன்.

நேற்று குருத்து ஞாயிறு. பூசை முடிந்து வந்ததும் பன்னிரண்டு ஓடுகளையும் அம்மா முன்னால் வைத்தேன். கை நடுங்க நடுங்கத் தூவியதில் கடுகு எல்லாப் பக்கமும் சீராக விழுந்தது. நான் மாதிரிக்குத் தூவிய ஓட்டில் ஒரே இடத்தில் குவிந்து கிடக்கிறது. இன்று காலை எழுந்ததும் அவர் முதலில் மூடியைத் திறந்து பார்த்தார்.

விதைநெல்:
குவிந்ததை விரலால் பரப்பிவிடுங்கள், இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும். முளை தெரிந்ததும் மூடியை எடுத்துவிட அம்மாவிடம் சொல்லுங்கள்.