பெயர்த்து வைத்த செட்டிநாட்டு வீடு: காப்பாற்றியதா, பிடுங்கியதா?

தேக்குத்தூண்:
சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் செட்டிநாட்டு வீட்டைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் எல்லாரும் இங்கே படம் போட்டுக் கொண்டாடுகிறீர்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஊரில் நின்ற வீட்டைப் பிரித்து, தூணையும் நிலையையும் லாரியில் ஏற்றிக் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குக் கொண்டுவந்து, காஞ்சிபுரத்து நெசவாளர் வீடு, கேரளத்து வீடு என்று நாலு மாநில வீடுகளோடு வரிசையில் நிறுத்திவிட்டு, இதுதான் செட்டிநாட்டு வீடு என்றால் எப்படி? அங்கே வீடு ஒரு தெருவில் முகப்போடு தொடங்கிப் பின் தெருவில் முடியும். கூரைத் தண்ணீர் வளவில், அதாவது வீட்டு நடுவே உள்ள திறந்த முற்றத்தில் இறங்கி, வடிகால் வழியாக ஊருணிக்குப் போகும். ஊருணியை எந்த லாரியில் ஏற்றுவீர்கள்? 2014-ல் செட்டிநாடு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் சேர்ந்தபோதுகூடத் தனி வீடாகச் சேரவில்லை, ஊர்த் தொகுதிகளாகத்தான் சேர்ந்தது.

கடலோரம்:
ஏற்றாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் சொல்லுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். ஒரு வீட்டுக் கதவு, இன்னொரு வீட்டுத் தூண், வேறொரு வீட்டு ஆச்சியின் சீர்ப் பாத்திரம், எல்லாம் தனித்தனியாக விலைக்கு இருக்கும். பர்மாத் தேக்குத் தூண் ஏதோ ஒரு ரிசார்ட் வரவேற்பறையில் நிற்பதைவிட, தன் நிலை, தன் உத்தரத்தோடு முட்டுக்காட்டில் நிற்பது மேல். அங்கே வைத்தவை பெரும்பாலும் உரிமையாளரே இடிக்கக் கொடுத்த வீடுகள். அந்தந்த ஊர்க் கைவினைஞர்களை வைத்துத்தான் திரும்பக் கட்டினார்கள். 1996-ல் திறந்ததிலிருந்து எத்தனை பள்ளிப் பிள்ளைகள் அந்த வளவில் உட்கார்ந்திருக்கும், அதற்குக் கணக்கில்லையா?

தேக்குத்தூண்:
பிள்ளைகள் பார்ப்பது தூணைத்தான். வளவைச் சுற்றிய அறைகள் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று என்று பிரிந்தவை, ஒரே வீட்டில் அத்தனை தனிச் சமையல். அந்த ஏற்பாடு பலகையில் எழுதி வைத்தால் விளங்குமா?

அப்பத்தாபேரன்:
அண்ணே, இரண்டு பேரும் வெளியே நின்று பேசுகிறீர்கள். பங்கு இருக்கிறவன் ஒரு வார்த்தை சொல்கிறேன். பர்மா பணத்தில் கட்டிய வீடு எங்களுடையது. 1942-ல் ஜப்பான்காரன் உள்ளே வந்ததும் அந்த வரவு நின்றது, அப்புறம் அங்கே நிலமும் போனது, வீடு மட்டும் அதே அளவில் நிற்கிறது. பங்காளிகள் சென்னையில் பாதி, கடல் கடந்து பாதி. ஓடு மாற்றவேண்டும் என்றால் எல்லாரையும் ஃபோனில் பிடித்து, அதில் ஒருவர் "பார்ப்போம்" என்று சொல்லி, அந்த மழையும் போய்விடும். ஆனாலும் முன்னோருக்குப் படைக்கும் படைப்பென்றால், கல்யாணமென்றால் எல்லாரும் அங்கேதான் வந்து இறங்குகிறோம். அருங்காட்சியகம் என்று கயிறு கட்டிவிட்டால் எங்கே இலை போடுவது?

கடலோரம்:
தம்பி, வருடத்தில் நீங்கள் இலை போடுவது எத்தனை நாள்? மிச்ச நாளெல்லாம் அந்த வீடு கரையானுக்குத்தானே? கானாடுகாத்தான் பக்கம் சில வீடுகளில் காவலாளி கையில் ஏதோ கொடுத்தால் முகப்பும் வளவும் சுற்றிக் காட்டுகிறார். அந்தப் பணம் கூரை ஓட்டுக்குப் போகிறதா, அவர் டீக்குப் போகிறதா? முறையாக நுழைவுச் சீட்டுப் போட்டு முன்கட்டை மட்டும் திறந்துவிடுங்கள், பின்கட்டைப் பூட்டிக்கொள்ளுங்கள், விசேஷ நாளில் பார்வையாளருக்கு விடுமுறை விடுங்கள். கயிறு எதற்கு?

தேக்குத்தூண்:
இது எனக்குச் சம்மதம். வீடு ஊரிலேயே இருக்கிறது, கூட்டமும் அங்கே வரும். கடியாபட்டியில் சிதம்பர விலாஸ் என்ற வீடு ஓட்டலாகிவிட்டது, அதையும் நான் குறை சொல்லமாட்டேன். ராத்திரி தங்க நல்ல பணம் கொடுப்பவர்கள் இருப்பதால்தான் அங்கே தரையில் ஆத்தங்குடிக் கல் பளபளக்கிறது. ஆனால் ஓட்டலான பிறகு ஊர்க்காரர் தெருவில் நின்று பார்க்கவேண்டியதுதான்.

அப்பத்தாபேரன்:
ஓட்டலுக்கு எங்கள் பெரியப்பா உயிரோடு இருக்கும்வரை விடமாட்டார். சீட்டு யோசனை பரவாயில்லை. ஆனால் வசூல் யார் கணக்கில் போகும்? ஒரு பங்காளி பெயரில் வங்கிக் கணக்குத் திறந்தால் மறுநாளே மற்றவர்கள் வக்கீல் வைப்பார்கள். டிரஸ்ட் போட்டால் எல்லாரும் கையெழுத்துப் போடவேண்டும். ஓடு மாற்றவே ஒத்துவராதவர்கள்!

கடலோரம்:
அதுதான் சொல்கிறேன், கையெழுத்துக் கிடைக்காத வீடுதான் கடைசியில் கதவு கதவாகக் கடைக்கு வருகிறது. நான் முட்டுக்காட்டுப் பக்கம்தான்.

தேக்குத்தூண்:
அடுத்த படைப்புக்கு எல்லாரும் வருவார்கள் அல்லவா? சாப்பாட்டுக்கு முன்னால் டிரஸ்ட் பத்திரத்தை நீட்டுங்கள், தம்பி. சாப்பிட்டுவிட்டால் ஒருவரையும் பிடிக்க முடியாது.