கிரய ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தவர் பத்திரம் செய்து தர மறுக்கிறார்: என்ன வழி?

முருங்கைத் தோட்டம்:

அனைவருக்கும் வணக்கம். ஒட்டன்சத்திரம் வட்டத்தில் எங்கள் தோட்டத்தை ஒட்டியுள்ள 1 ஏக்கர் 20 சென்ட் புஞ்சையை, பங்காளி முறையில் எனக்குப் பெரியப்பாவாகும் ஒருவரிடமிருந்து 18 லட்சத்துக்கு வாங்குவதாக 2024 ஜனவரியில் ஒப்பந்தம் எழுதினோம். அன்றே 5 லட்சத்தை வங்கி வழியாக முன்பணமாகக் கொடுத்தேன். கெடு 11 மாதம். முத்திரைத் தாளில் எழுதி இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டார்கள். உறவுக்காரர்தானே என்று பதிவு மட்டும் செய்யவில்லை. இடையில் இளைய மகளின் கல்யாணச் செலவுக்கு என்று அவர் கேட்டபோது மேலும் 2 லட்சம் ரொக்கமாகக் கொடுத்து, ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் வரவு எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். நிலத்தையும் அப்போதே என்னிடம் விட்டுவிட்டார். அதில் முருங்கை வைத்துக் காய் பறித்துக்கொண்டிருக்கிறேன்.

கெடு முடியும் நேரத்தில் "மார்கழி கழியட்டும்" என்றார், பிறகு "ஆடி போகட்டும், ஆவணியில் முடித்துக்கொள்ளலாம்" என்றார். இப்போது அந்தப் பக்கம் விலை ஏறிவிட்டதால், மூத்த மகள் கையெழுத்துப் போட மறுப்பதாகவும் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளும்படியும் சொல்கிறார். சென்ற வாரம் ஒரு தரகர் வேறு ஆட்களை அழைத்துவந்து நிலத்தைக் காட்டியிருக்கிறார். காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாமா? பதிவு செய்யாத ஒப்பந்தத்துக்கு மதிப்பு உண்டா?

பத்திர எழுத்தர்:

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். எழுதிய நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பதிவுக்குத் தாக்கல் செய்ய வேண்டும் என்பதால் அந்த வாய்ப்பு உங்களுக்கு முடிந்துவிட்டது. ஆனாலும் மனம் தளர வேண்டாம். ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரக் கோரும் வழக்கில் பதிவாகாத ஒப்பந்தத்தையும் சாட்சியமாக ஏற்கலாம் என்று, தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கிலேயே 2023-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

முதலில் வில்லங்கச் சான்று போட்டு, நிலம் இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறதா, அடமானமோ வேறு ஒப்பந்தமோ பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து ஒப்பந்தத்தின் சொத்து விவரத்தை வரிக்கு வரி படியுங்கள். சர்வே எண், உட்பிரிவு, நான்கு எல்லை ஆகியவற்றோடு, கிணற்றில் எத்தனை பங்கு, மின் இணைப்பு யாருக்கு, மாமூல் வண்டிப்பாதை பாத்தியம் எந்த வழியாக என்பதும் எழுதப்பட்டிருக்கிறதா? நிலத்தை வாங்கியும் தண்ணீருக்கும் வண்டி போகவும் வழியில்லாமல் நிற்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சிவில் வழக்கறிஞர்:

காவல் நிலையம் இதற்கு இடமல்ல. ஒப்பந்தம் எழுதும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததற்கு ஆதாரம் இருந்தால்தான் அது மோசடிக் குற்றமாகும். விலை ஏறிய பிறகு மனம் மாறியது ஒப்பந்த மீறல் மட்டுமே, அது உரிமையியல் நீதிமன்றத்துக்கு உரியது. கட்டப்பஞ்சாயத்துக்கும் தயவுசெய்து போகாதீர்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டியது காலம். ஒப்பந்தத்தில் தேதி குறித்திருந்தால் அந்தத் தேதியிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குத் தாக்கலாக வேண்டும். உங்கள் கெடு 2024 டிசம்பரில் முடிந்ததால், 2027 டிசம்பரைத் தாண்டினால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் பயனில்லை. ஆவணி, தை என்று அவர் வாயால் நீட்டித்த கெடுவை நம்பி உட்கார்ந்திருப்பது ஆபத்து. 2018-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, பணமாக இழப்பீடு கொடுத்தால் போதும் என்று சொல்லி, ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரும் நிவாரணத்தை நீதிமன்றம் எளிதில் மறுத்துவிட முடியாது என்பது உங்களுக்குச் சாதகம். ஆனால் மீதிப் பணத்தோடு தொடக்கம் முதல் நீங்கள் தயாராகவும் விருப்பத்தோடும் இருந்தீர்கள் என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். பெரும்பாலான வழக்குகள் தோற்பது இந்த இடத்தில்தான். மீதி 11 லட்சம் உங்கள் கணக்கில் இருந்ததைக் காட்டும் வங்கி விவரங்களை இன்றே எடுத்து வையுங்கள். ஒரு தேதியைக் குறிப்பிட்டு, சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து பத்திரம் செய்து தரும்படி வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்பி, அந்தத் தேதியில் வரைவோலையோடும் எழுதிய கிரயப் பத்திரத்தோடும் நீங்கள் அங்கே இருங்கள்.

வழக்கில் முன்பணத்தைத் திருப்பித் தரும் கோரிக்கையையும் மாற்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். கேட்காததை நீதிமன்றம் தராது. அவர் வேறொருவருக்கு விற்காதபடி இடைக்காலத் தடையும் கேளுங்கள். வழக்கு நடக்கும்போது நிலத்தை வாங்குகிறவர் அதன் முடிவுக்குக் கட்டுப்பட்டவர். அதற்கு முன்பே வாங்கினாலும், உங்கள் ஒப்பந்தம் தெரிந்து வாங்கியவர் நல்லெண்ணத்தில் வாங்கியதாகச் சொல்லித் தப்ப முடியாது. ஆகவே அந்தத் தரகருக்கும் எழுத்து மூலம் தெரிவித்துவிடுவது நல்லது.

முருங்கைத் தோட்டம்:

மிக்க நன்றி. நோட்டீஸ் போனால் உறவு முறிந்துவிடுமே என்றுதான் தயங்கினேன். மூத்த மகளின் கையெழுத்து விஷயம் உண்மையாக இருந்தால் என்ன ஆகும்? பெரியப்பா கோபத்தில் வேலியை உடைத்து உள்ளே வந்துவிட்டால்?

சிவில் வழக்கறிஞர்:

நிலம் அவருக்கு எப்படி வந்தது என்று காட்டும் மூலப்பத்திரத்தைப் பாருங்கள். அவர் தன் சம்பாத்தியத்தில் வாங்கிய நிலம் என்றால் மகளின் சம்மதம் தேவையில்லை. பூர்வீகச் சொத்து என்றால், 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாகப் பாகப்பிரிவினை ஆகியிருந்தாலன்றி மகளுக்கும் பிறப்பால் பங்கு உண்டு. 2020-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்துவிட்டது. மகளின் உரிமையை நீங்களும் மதிக்க வேண்டும். அப்படியிருந்தால் நோட்டீஸிலும் வழக்கிலும் மகளையும் சேர்க்க வேண்டும்.

பதிவாகாத ஒப்பந்தத்தை வைத்து, சொத்துரிமை மாற்றச் சட்டம் தரும் சுவாதீனப் பாதுகாப்பை, அதாவது நிலம் உங்கள் கையில் இருப்பதற்கான பாதுகாப்பை, கோர முடியாது. இருந்தாலும் சட்டப்படியன்றி உங்களை வெளியேற்ற அவருக்கு அதிகாரமில்லை. வெளியேற்றினால் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு மீட்கலாம். நீங்கள்தான் பயிர் செய்கிறீர்கள் என்பதைக் காட்ட, கன்று வாங்கிய ரசீது, மண்டியில் காய் போட்ட சீட்டு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

வடகாட்டு விவசாயி:

உறவைப் பற்றிக் கேட்டீர்கள். என் தம்பிக்கும் இப்படியொரு வழக்கு நடந்தது. எழுத்தில் வந்த பிறகுதான் எதிர்த் தரப்பு பேச வந்தது. இறுதியில் மக்கள் நீதிமன்றத்தில், ஊர் விலைக்குச் சற்று நெருக்கமாக விலையைக் கூட்டிக் கொடுத்து முடித்தார்கள். அங்கே முடிந்தால் மேல்முறையீடு கிடையாது, கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். நோட்டீஸ் போகும் முன் பெரியப்பா வீட்டுக்கு ஊர்ப் பெரியவர் ஒருவரோடு ஒரு முறை போய், எவ்வளவு கூட்டிக் கொடுக்க முடியும் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். ஒத்துக்கொண்டால் புதிய ஒப்பந்தமாக எழுதி, மகளின் கையெழுத்தோடு அதே வாரம் பதிவு செய்யுங்கள். அவர் மறுபடியும் மாதம் சொன்னால், அடுத்த நாளே நோட்டீஸ் போகட்டும்.