கடைக்கு வராத பொம்மை உடைகள், ‘பிளேசெட்’கள்: என்ன சொல்?

அன்பர்களே,

அமெரிக்கப் பொம்மை நிறுவனமான மீகோ 1972 முதல் விற்ற எட்டு அங்குல சூப்பர்ஹீரோ பொம்மைகளைப் பற்றிய கட்டுரைக்குச் சொற்கள் வேண்டும். பிப்ரவரி மாத நியூயார்க் பொம்மைக் கண்காட்சிக்கென்று செய்து, விலைப்பட்டியலில் படமும் போட்டு, கடைக்கு அனுப்பாமலே விட்ட உடைகளையும் ‘பிளேசெட்’களையும் (பொம்மைகளை வைத்து விளையாடும் குகை, கட்டடம் போன்ற இடங்கள்) ‘வெளியிடப்படாத முன்மாதிரி’ எனலாமா? பிளேசெட்டுக்கு ‘ஆடுகளம்’ சரியா?

——

> வெளியிடப்படாத முன்மாதிரி

வேண்டாம் ஐயா. ‘சூப்பர்மேன் முன்மாதிரி’ என்றால், பிள்ளைகள் பின்பற்றவேண்டிய நல்லவர் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். வெளியிடுவது நூலையும் படத்தையும். பொம்மை கடைக்கு வருகிறது, அவ்வளவே. ‘கடைகாணா’ என்ற அடை போதும்: கடைகாணா உடை, கடைகாணாப் பொம்மை. ஆடுகளம் என்றால் கிரிக்கெட் நினைவுதான் வரும். ‘பொம்மைக்களம்’ என்று வைக்கலாம். ‘பொம்மை வீடு’ ஆகாது. 1974இல் வந்த பேட்மேன் குகை வீடே அல்ல.

——

‘கடைகாணா’ எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் அது மட்டும் போதாது. பொருள் எந்தக் கட்டத்தில் நின்றுபோனது என்பதையும் சொல் காட்டவேண்டும். சேகரிப்பவருக்கு விலையே அதில்தான் இருக்கிறது.

பிளாஸ்டிக் உடலுக்கு எஃகு அச்சு வெட்டவேண்டும், செலவு அதிகம். அச்சைச் சோதிக்க முதலில் எடுக்கும் சில துண்டுகள் பெரும்பாலும் வண்ணம் பூசாதவை. இவற்றை ‘முதல் வார்ப்பு’ எனலாம். வார்ப்பது ஊற்றுவதுதானே, இங்கே அழுத்திச் செலுத்துகிறார்களே என்று கேட்பார்கள். பழகிய சொல், இருக்கட்டும்.

உடைக்கு அந்தச் சொல் செல்லாது. அதற்கு அச்சே இல்லை. ஒரு தையற்காரர், ஒரு தாள் வெட்டு, கொஞ்சம் துணி போதும். பொம்மைக்களமும் பெரும்பாலும் அப்படித்தான். மீகோவின் களங்கள் பலவும் அட்டையின் இருபுறமும் வினைல் தாள் வைத்து, ஓரங்களைச் சூட்டால் ஒட்டியவை. கண்காட்சிக்கு அட்டையில் படத்தைக் கையால் ஒட்டியே ஒன்றைச் செய்துவிடலாம். எனவே இவ்விரண்டுக்கும் ‘கைமாதிரி’. படம் மட்டும் மிஞ்சியிருந்தால் ‘பட்டியல்மாதிரி’.

கைமாதிரியை அடையாளம் காணும் பத்தியில் ஒரு எச்சரிக்கை சேருங்கள். மார்புச் சின்னம் இல்லாத உடை எல்லாம் கைமாதிரி அல்ல. ஒட்டிய சின்னம் நாளடைவில் உதிரும். பசைத் தடம் இருக்கிறதா என்று சாய்ந்த வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். வினைல் மூலை பிளந்திருப்பதும் சான்றாகாது. தாள் சுருங்கி இறுக, ஒட்டு விடும். தையலை உள்பக்கம் திருப்பிப் பார்ப்பதே நல்ல வழி. ஆறடி மனிதர் எட்டு அங்குலமானால் ஒன்பதில் ஒரு பங்கு. 5 மி.மீ. தையல் விளிம்பு (தையலுக்கு அப்பால் உள்ளே விடும் துணி) நம் சட்டையில் 45 மி.மீ. அகலத்துக்குச் சமம்; அக்குளில் முட்டி, பொம்மையின் கை இறங்காது. தொழிற்சாலைத் தையல் விளிம்பை ஒரே அளவில் ஒட்ட வெட்டியிருக்கும். கைமாதிரியில் அது இடத்துக்கு இடம் மாறும்.

——

> படம் மட்டும் மிஞ்சியிருந்தால் ‘பட்டியல்மாதிரி’

இதில் மட்டும் ஒரு திருத்தம். படம் எடுக்க அன்று ஒரு பொருள் இருந்திருக்கும். பலமுறை அது வேறு பொம்மைக்கு உடை மாற்றியதாகவே இருக்கும். மிஞ்சியது படம், மாதிரி அல்ல. ‘பட்டியற்படம்’ என்று வையுங்கள். மற்ற சொற்களை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: ‘கடைகாணா உடை, கைமாதிரி நிலையில் நின்றது.’