இதயத்தில் ஒன்றும் இல்லை என்று சொன்ன பிறகும் நாடி பார்ப்பதை நிறுத்த முடியவில்லை

கேள்வி (தூக்கமில்லாதவன்):

ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் டெஸ்ட், ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தாகிவிட்டது. இதயம் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். அந்த நிம்மதி சில நாள்தான் தாங்குகிறது, அப்புறம் இடது பக்கம் ஊசி குத்தின மாதிரி சுருக்கென்று ஒரு வலி, உடனே விரல் கழுத்துக்குப் போய்விடுகிறது. வாட்சில் 98, 105, 112 என்று ஏறுகிறது, பார்க்கப் பார்க்க இன்னும் ஏறுகிறது, விரல் நுனியெல்லாம் மரத்துப்போய் மூச்சு முழுசாக இறங்காத மாதிரி இருக்கிறது. இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் தலையணைக்குள் துடிப்பு கேட்கிறது. இப்போது மாடிப்படி ஏறுவதையே தவிர்க்கிறேன். வலி கற்பனை இல்லை, உண்மையாகவே வலிக்கிறது. இதிலிருந்து வெளியே வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பதில் (பழைய நோயாளி):

நண்பரே, வலி உண்மைதான், அதில் சந்தேகமே வேண்டாம். எனக்கும் இதே கதை. பயம் வந்ததும் அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரக்கிறது, துடிப்பு கூடுகிறது, அதை அளந்து பார்க்கிறீர்கள், எண் பயமுறுத்துகிறது, மறுபடி அட்ரினலின். உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றாலே பத்து இருபது கூடும், சாப்பிட்டால் கூடும், காபி குடித்தால் கூடும், தண்ணீர் குறைவாகக் குடித்தாலும் கூடும். நாள் முழுக்க அளந்துகொண்டே இருந்தால் பயப்பட ஒரு எண் கிடைக்காமல் போகாது.

ஒரு கணக்கு சொல்கிறேன். டிரெட்மில் டெஸ்டில் பொதுவாக 220-இல் வயதைக் கழித்து, வருவதில் 85 சதவீதம் வரை துடிப்பை ஏற்றுவார்கள். 35 வயது என்றால் 157. அந்த வேகத்தில் டாக்டர் கண்முன்னாலேயே உங்கள் இதயம் ஓடிக் காட்டியிருக்கிறது, சோபாவில் வரும் 112-க்கு அது அசராது.

வாட்சைக் கழற்றுங்கள், முதலில் இரவில் மட்டுமாவது. நாடி பார்க்கக் கை போகும்போது "பார்க்கவே மாட்டேன்" என்று சண்டை போடாமல் "பத்து நிமிடம் கழித்துப் பார்க்கிறேன்" என்று தள்ளிப்போடுங்கள். பெரும்பாலும் அந்தப் பத்து நிமிடத்தில் வேகம் அடங்கிவிடும், சில நேரம் பார்க்க வேண்டும் என்பதே மறந்துபோகும்.

பதில் (வார்டு நர்ஸ்):

விரல் மரத்துப்போவது வேகமாக மூச்சு விடுவதால். கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறினால் விரலும் உதட்டோரமும் மதமதக்கும், நெஞ்சு இறுகும். காற்று போதவில்லை என்று தோன்றி இன்னும் ஆழமாக இழுப்பீர்கள், அங்கேதான் மதமதப்பு கூடுகிறது. நான்கு விநாடி மூக்கால் உள்ளே, ஆறு விநாடி மெதுவாக வெளியே, சில நிமிடம் செய்தால் போதும்.

விலா எலும்பு நெஞ்செலும்போடு சேரும் இடத்தில் குருத்தெலும்பு வீங்கினாலும் குத்தல் வரும். பதற்றம் உள்ளவர்கள் வலிக்கிறதா வலிக்கிறதா என்று அங்கேயே விரலால் அழுத்திப் பார்த்து அந்த இடத்தையே புண்ணாக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அழுத்தாதீர்கள். தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள், படபடப்புக்கு அவையும் காரணமாகலாம்.

ஆனால் நெஞ்சு நடுவே பாரம் வைத்து அழுத்துவது போல் சில நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, தாடை, தோள், கை, முதுகு என்று பரவினாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, நடந்தால் வந்து நின்றால் விட்டாலோ, மயக்கம் வந்தாலோ யோசிக்காமல் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். பழகின வலி மாதிரி இல்லாமல் புதிதாக எது வந்தாலும் அப்படித்தான்.

தூக்கமில்லாதவன்:

இந்த 157 கணக்கு யாரும் எனக்குச் சொன்னதில்லை, மிக்க நன்றி. ஒன்று மட்டும் கேட்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் மனைவியிடம் "எனக்கு ஒன்றும் ஆகாது இல்லையா" என்று கேட்கிறேன். அவள் "ஆகாது" என்றதும் மனசு அடங்குகிறது, கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்கிறேன். அவளும் சோர்ந்துவிட்டாள்.

பதில் (பழைய நோயாளி):

அதுவும் நாடி பார்ப்பது மாதிரிதான், விரலுக்குப் பதில் அவர் வாய். அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். நீங்கள் கேட்டால் அவர் பதில் சொல்ல வேண்டாம், "பயமாக இருக்கிறதா, வா கொஞ்சம் நடப்போம்" என்றால் போதும். கோபமாகச் சொல்லக் கூடாது, அது முக்கியம்.

1871-லேயே டா கோஸ்டா என்ற அமெரிக்க மருத்துவர், உள்நாட்டுப் போரில் இருந்த வீரர்களிடம் இதே நெஞ்சுவலி, படபடப்பு, மூச்சுத் திணறலைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார், பலரிடம் இதயக் கோளாறு எதுவும் அகப்படவில்லை. இன்றைக்கு இதற்கென்று அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (பயமுறுத்தும் எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசிப் பயிற்சி செய்து மாற்றுவது) இருக்கிறது, தேவைப்பட்டால் மாத்திரையும் தருவார்கள். மனநல மருத்துவரிடம் போகத் தயங்காதீர்கள். மாடிப்படியை மட்டும் விட்டுவிடாதீர்கள், டாக்டர் தடை சொல்லவில்லை என்றால் நாளைக்கே ஒரு மாடி ஏறுங்கள், ஏறி முடித்ததும் நாடி பார்க்காமல் அடுத்த வேலையைப் பாருங்கள்.