புத்தகம் பார்த்து வில் பழகுபவர்கள் தடுமாறும் இடங்கள் – கட்டைவிரல் இழுப்பு

சொல்லித்தர ஆள் கிடைக்காத ஊரில் புத்தகம்தான் வாத்தியார். அதில் தப்பே இல்லை. ஆனால் அப்படிப் பழகுபவர்களிடம் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் கோளாறு ஒன்று உண்டு: நாணைப் பிடிக்கும் முறையை ஒரு நூலிலிருந்தும், அம்பு வைக்கும் பக்கத்தை வேறொரு நூலிலிருந்தும் எடுத்துக்கொள்வது.

ஐரோப்பிய நூல்கள் நாணை மூன்று விரலால் இழுக்கச் சொல்கின்றன. அரபு, துருக்கி, மங்கோலிய, சீன வழக்கில் கட்டைவிரல்தான் இழுக்கிறது. வலக்கைக்காரர் மூன்று விரலால் இழுத்தால் அம்பு வில்லுக்கு இடப்பக்கம் இருக்கும். கட்டைவிரலால் இழுத்தால் வலப்பக்கம். காரணம் எளிது. கட்டைவிரல் பிடியில் உள்ளங்கை கீழ்நோக்கிச் சற்றே திரும்பும். அப்போது சுட்டுவிரலின் பக்கவாட்டு அம்பை வில்லோடு சேர்த்து அணைக்கும். இடப்பக்கம் வைத்துவிட்டு அதே பிடியில் இழுத்தால் அந்த அணைப்பே அம்பை வில்லிலிருந்து தள்ளிவிடும். 'பாதி இழுக்கும்போதே அம்பு கீழே விழுகிறது' என்று கேட்பவர்கள் முதலில் பக்கத்தைச் சரிபாருங்கள். பக்கம் சரி என்றால், அம்பின் கவையை (நாணில் மாட்டும் பிளவை) கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே நசுக்கிப் பிடிக்கிறீர்களா என்று பாருங்கள்.

* * *

பிடியைப் பற்றி இன்னும் கொஞ்சம். அரபு வில் நூல்களின் மொழிபெயர்ப்பைத் திறந்தால் 'அறுபத்துமூன்றாகப் பூட்டு' என்று வரும். பலர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அது பழைய அரபு விரல் கணக்கு. சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் மூன்றையும் மடக்கினால் 3. கட்டைவிரலை வளைத்து, அதன்மேல் சுட்டுவிரலைப் போர்த்தினால் 60. இரண்டையும் ஒரே கையில் காட்டினால் 63. அந்தக் கால வாசகர் சந்தையில் தினமும் காட்டிய சைகை அது, படம் தேவைப்படவில்லை.

இப்போதே வெறுங்கையில் செய்து பாருங்கள். நாண் உட்கார வேண்டிய இடம் கட்டைவிரலின் முதல் கணு மடிப்பு. நுனிச் சதை அல்ல. சுட்டுவிரல், கட்டைவிரல் நகத்தின் மேல் படிய வேண்டும், நாணைத் தொடக் கூடாது. தொட்டால் விடும்போது நாண் உரசிக்கொண்டு போகும், தோலும் உரியும். மடக்கிய மூன்று விரல்களும் தளர்ந்தால் மணிக்கட்டு வளைந்துவிடும். நூல்கள் அந்த 3-ஐ விடாமல் சொல்வது அதனால்தான்.

(ஏகலைவன் கட்டைவிரலைக் கொடுத்தபின் மீதி விரல்களால் எய்தான், பழைய வேகம் வரவில்லை என்கிறது பாரதம். இந்தப் பூட்டைக் கையில் போட்டுப் பார்த்தால் அந்த வரியின் கனம் புரியும்.)

* * *

மேலே சொன்னதோடு ஆபத்தான விஷயம் ஒன்றைச் சேர்க்க வேண்டும். மூன்று விரல் இழுப்பு பெரும்பாலும் தாடையிலோ வாயோரத்திலோ நிற்கும். கட்டைவிரல் இழுப்பு காதுவரை, சிலருக்குக் காதையும் தாண்டிப் போகும். மூன்று நான்கு அங்குலம் கூடுதல். வில்லில் '30 பவுண்டு, 28 அங்குலம்' என்று எழுதியிருந்தால், அந்த 30 பவுண்டு இழுவிசை 28 அங்குலம் இழுக்கும்போது மட்டும்தான். அதற்கு மேல் ஒவ்வொரு அங்குலத்துக்கும் இரண்டு மூன்று பவுண்டு ஏறும். 32 அங்குலம் இழுத்தால் கையில் 40-க்குப் பக்கத்தில் நிற்கும். அதைவிட மோசம், 28 அங்குலத்துக்கென்று செய்த மரவில் முகத்துக்கு நேரே முறியலாம். வாங்கும்போது 'அதிகபட்சம் எத்தனை அங்குலம் இழுக்கலாம்' என்று கேளுங்கள். பழக 20 முதல் 25 பவுண்டு போதும்.

அம்பின் நீளமும் அப்படியே. 28 அங்குலக் கணக்கில் வெட்டிய அம்பைக் காதுவரை இழுத்தால் முனை வில்லுக்கு உள்ளே வந்துவிடும்; விட்டால் வில் பிடித்த கையில் பாயும். 10–15 பவுண்டு வில்லில் நீளமான தண்டை வைத்து முழுக்க இழுங்கள். விடாமல் அப்படியே நில்லுங்கள். பக்கத்தில் இருப்பவர் வில்லின் முன்பக்கம் நேரே தண்டில் கோடு போடட்டும். அதற்கு மேல் ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் விட்டு வெட்டுங்கள்.

அம்புத் தண்டு எவ்வளவு வளையாமல் நிற்கும் என்று சொல்லும் விறைப்பு அட்டவணைகளையும் தலைகீழாகப் படிக்க வேண்டும். அவை மூன்று விரல் இழுப்புக்கு எழுதியவை: விறைப்பு கூடினால் அம்பு இடப்பக்கம் போகும், குறைந்தால் வலப்பக்கம். அம்பை வில்லின் வலப்பக்கம் வைத்தால் இது அப்படியே மாறும்.

* * *

சீனத்தில் 1637-இல் காவ் யிங் எழுதிய வில் நூல் எய்வதை ஐந்தாகப் பிரிக்கிறது: இலக்கைக் கண்ணால் பற்றுவது, முழுக்க இழுப்பது, இரு தோளிலும் விசையைச் சமமாக்குவது, மெல்ல விடுவது, கவனத்தை ஊன்றுவது. தனியே பழகுபவர் உடைவது இரண்டாவதில். இலக்கு தெரிந்ததும் முக்கால் இழுப்பிலேயே கை விட்டுவிடுகிறது. தானே அதை உணர்வது கடினம்.

மருந்து, இலக்கை எடுத்துவிடுவது. இரண்டு மூன்று மீட்டரில், தோள் உயரத்தில், வைக்கோல் கட்டு. அதில் புள்ளியோ வட்டமோ வேண்டாம். முழுக்க இழுத்து, மனதுக்குள் மூன்று எண்ணி விடுங்கள். ஒரு நாளைக்கு 30–40 அம்பு, அதற்கு மேல் தோள் களைத்துத் தப்பான பழக்கம் படியும். வைக்கோலைக் காலால் மிதித்து இறுக்கிக் கட்டுங்கள். தளர்வாக இருந்தால் அம்பு ஊடுருவி, இறகு பிய்ந்துபோகும். பின்னால் சுவர் இருந்தால் அம்பு திரும்பி வரும், ஆகவே கனமான ஜமக்காளத்தைச் சுவரை ஒட்டாமல் தொங்கவிடுங்கள்.

* * *

சின்னதாக ஒன்று. அம்பு வில் பிடித்த கையின் கட்டைவிரல்மேல் உரசிப் போவதால், பிளாஸ்டிக் இறகு வேண்டாம், பறவை இறகே வேண்டும். அதிலும் தண்டில் ஒட்டிய நடுநரம்பின் முன்முனை கத்திபோல் இருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, நூல் சுற்றி, ஒரு சொட்டுப் பசை வையுங்கள். விரலை முனையிலிருந்து இறகு நோக்கி ஓட்டிப் பாருங்கள். எங்கும் தட்டாமல் ஏறினால் அந்த அம்பை எய்யலாம்.