ஏமாற்று மெயில்: உங்களுக்கு என்ன நடந்தது? என் கதையை முதலில் சொல்கிறேன்

பதிவு 1 (தொடங்கியவர்)

போன மாதம் ஒரு மெயில் வந்தது. தலைப்பு: "ரீ: நாம் பேசிய பில்". நான் யாரிடமும் எந்த பில்லைப் பற்றியும் பேசவில்லை. ஆனால் பதில் மெயில் என்று காட்டும் அந்த 'ரீ:' வேலையைக் காட்டிவிட்டது. நான்தான் ஏதோ எழுதிவிட்டு மறந்துவிட்டேன் போல என்று திறந்தேன். உள்ளே எடை குறைக்கும் மாத்திரை விளம்பரம். கடுப்பில் அடியில் இருந்த அன்சப்ஸ்கிரைப்பை (இனி அனுப்ப வேண்டாம் என்று சொல்லும் இணைப்பு) அழுத்தினேன். மெயில் முகவரியைத் தட்டச்சு செய்யச் சொன்னது, செய்தேன். (ஒப்புக்கொள்ளவே வெட்கமாக இருக்கிறது.) அதுவரை நாளுக்கு மூன்று நான்கு வந்த குப்பை, அடுத்த வாரம் முப்பதைத் தாண்டியது.

தலைப்பிலேயே பொய் சொல்வது குற்றமில்லையா? புகார் கொடுத்து யாருக்காவது பலன் கிடைத்திருக்கிறதா?

மறுமொழி 2

அமெரிக்காவில் குற்றம்தான். 2003இல் கொண்டுவந்து 2004 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கும் கேன்-ஸ்பேம் சட்டம் இதற்காகவே இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், கேட்காமல் விளம்பரம் அனுப்புவதை அது தடுக்கவில்லை, பொய் சொல்லி அனுப்புவதைத்தான் தடுக்கிறது. அனுப்பியவர் பெயரும் தலைப்பும் ஏமாற்றக்கூடாது, உண்மையான அஞ்சல் முகவரி இருக்க வேண்டும், வேண்டாம் என்று சொன்னால் 10 வேலை நாட்களுக்குள் நிறுத்த வேண்டும். முகவரியைத் தட்டச்சு செய்யச் சொன்னது மட்டும் விதிமீறல் இல்லை நண்பரே. அதற்கு மேல் பணமோ வேறு சொந்த விவரமோ கேட்டால்தான் தவறு.

எனக்குப் பலன் கிடைத்தது ஒரே ஒரு தடவை. ஒரு கடையின் விளம்பர மெயிலை நிறுத்தச் சொல்லி இரண்டு மாதமாகியும் வந்துகொண்டே இருந்தது. 10 வேலை நாள் கணக்கைச் சொல்லி நாலு வரி எழுதினேன், இரண்டே நாளில் நின்றது. அந்தச் சட்டப்படி நீங்களோ நானோ வழக்குப் போட முடியாது. கூட்டாட்சி வர்த்தக ஆணையம், மாநில அரசு வழக்குரைஞர்கள், இணையச் சேவை நிறுவனங்கள் போன்றவர்களால்தான் முடியும். ஆனாலும் பெயரும் ஊரும் உள்ள கடைக்காரர் பயப்படுவார். உங்கள் மாத்திரைக்காரருக்கு என்ன பயம்? உங்கள் முகவரியில் ஆள் இருக்கிறார் என்று அவருக்கு உறுதி செய்து கொடுத்ததுதான் மிச்சம். நானே முகவரி கொடுத்த இடம் என்றால் அன்சப்ஸ்கிரைப், இல்லையென்றால் அதைத் தொடாமல், குப்பை மெயில் என்று குறிக்கும் ஸ்பேம் பொத்தான். எனக்கு இதுதான் கணக்கு.

மறுமொழி 3

அடிக்க வராதீர்கள், நான் இப்படி விளம்பர மெயில் அனுப்பிய தரப்பு ஆள். சிறிய தொழில். தொடங்கிய புதிதில் ஒருவரிடம் முகவரிப் பட்டியல் விலைக்கு வாங்கி மொத்தமாக அனுப்பினேன். கனடாவிலிருந்து ஒருவர், "என் சம்மதம் எப்போது வாங்கினீர்கள்?" என்று ஒற்றை வரியில் கேட்டார். அப்புறம்தான் தேடிப் படித்தேன். 2014 ஜூலையில் அமலுக்கு வந்த அவர்கள் சட்டம் நேர் எதிர்: முதலில் சம்மதம், பிறகுதான் மெயில். அனுப்புகிறவர் எந்த நாட்டில் இருந்தாலும், கனடாவில் திறக்கப்படும் வணிக மெயிலுக்கு அது பொருந்தும். நிறுவனத்துக்கு அபராத உச்சவரம்பு 1 கோடி கனடிய டாலர். பொருள் வாங்கியவருக்கு 2 ஆண்டு, விசாரித்தவருக்கு 6 மாதம் வரை சம்மதம் இருப்பதாக எடுத்துக்கொள்ளலாம். பட்டியலை அன்றே அழித்தேன். தூக்கம் வர மட்டும் ஒரு வாரம் ஆனது.

மறுமொழி 4

எனக்கு வந்தது வேறு ரகம். அனுப்பியவர் இடத்தில் என் சொந்த முகவரி. தலைப்பில் என் பாஸ்வேர்ட். "உன் கேமராவில் உன்னைப் படம் பிடித்திருக்கிறேன், இரண்டு நாளில் பிட்காயின் அனுப்பு, இல்லையென்றால் உன் தொடர்பில் உள்ள எல்லோருக்கும் போகும்." கை நடுங்கியது. அந்த பாஸ்வேர்ட் நிஜம்.

அரை மணி நேரம் கழித்துத்தான் மண்டையில் உறைத்தது, அது பல வருடம் முன்பு ஒரு தளத்தில் வைத்த பழைய பாஸ்வேர்ட். நம் முகவரி எந்தத் தரவுக் கசிவில் சிக்கியது என்று காட்டும் 'ஹேவ் ஐ பீன் போன்ட்' தளத்தில் என் முகவரியைப் போட்டுப் பார்த்தேன். கசிந்த தரவுகளில் அந்தத் தளமும் இருந்தது. படமும் இல்லை, கேமராவும் இல்லை. கசிந்த பட்டியலை வைத்து ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரே கடிதம், பாஸ்வேர்ட் மட்டும் மாறும். பணம் அனுப்பவில்லை, பதிலும் போடவில்லை. அந்த பாஸ்வேர்டை வேறு இரண்டு இடத்திலும் வைத்திருந்தேன் என்பதுதான் என்னை உண்மையில் பயமுறுத்தியது. அன்றைக்கே எல்லாவற்றையும் மாற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பும் போட்டேன்.

மறுமொழி 5

அண்ணா, உங்கள் முகவரியிலிருந்தே எப்படி வரும்? கணக்குக்குள் புகுந்துவிட்டார்களா?

மறுமொழி 6

புகவே வேண்டாம். கடித உறையின் பின்புறம் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம் இல்லையா, அது போலத்தான். மெயிலின் மூல வடிவத்தைத் திறந்து அனுப்பியவர் முகவரி உண்மையா என்று சோதிக்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்றையும் பாருங்கள், 'ஃபெயில்' என்று இருந்தால் சந்தேகப்படலாம். மெயில் கடந்து வந்த சர்வர்களைக் காட்டும் 'ரிசீவ்ட்' வரிகள் கீழிருந்து மேலாகச் சேரும். கீழே உள்ளவை போலியாக இருக்கலாம், உங்கள் மெயில் சர்வரே எழுதிய வரியை மட்டும் நம்புங்கள். இன்னொன்று: 'பாஸ்' என்று வந்தாலே நல்லவர் என்று அர்த்தமில்லை. வங்கியின் பெயரில் ஒரே ஓர் எழுத்தை மாற்றி டொமைன் (முகவரியில் @க்குப் பின்னால் வரும் பெயர்) வாங்கியவருக்கும் மூன்றுமே 'பாஸ்' ஆகும்.

மறுமொழி 7

இந்தியாவில் இருப்பவர்களுக்கு: மெயில் ஸ்பேமுக்கென்று தனிச் சட்டம் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில், மெயில் எங்கிருந்து வருகிறது என்பதில் ஏமாற்றுவதும் குற்றமாக இருந்தது. பேச்சுரிமைக்கு எதிரானது என்று 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே ரத்து செய்தபோது இதுவும் சேர்ந்து போனது. தீர்ப்பு சரிதான், ஆனால் இந்த ஒரு துண்டு போனதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆள்மாறாட்டம் செய்து மோசடி செய்தால் 66டி இருக்கிறது, 3 ஆண்டு வரை சிறை. பணம் போய்விட்டதென்றால் யோசிக்காமல் இணைய மோசடி உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். என் அக்கா மேலதிகாரி பெயரில் வந்த மெயிலை நம்பிப் பணம் அனுப்பிவிட்டார், ஒரு மணி நேரத்துக்குள் அழைத்ததால் பாதிப் பணத்தையாவது முடக்க முடிந்தது.

பதிவு 8 (தொடங்கியவர்)

எல்லோருக்கும் நன்றி. மூல வடிவத்தைத் திறந்து பார்த்தேன். டிமார்க் ஃபெயில், பதில் போக வேண்டிய முகவரி வேறு டொமைன், அஞ்சல் முகவரி மருந்துக்குக்கூட இல்லை. மூல வடிவத்தில் உள்ள முழுத் தலைப்புப் பகுதியோடு, அதை அனுப்பிய சர்வரை நடத்தும் நிறுவனத்தின் முறைகேட்டுப் புகார் முகவரிக்கு எழுதியிருக்கிறேன், பதில் வந்தால் சொல்கிறேன்.

இதைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று வந்துவிட்டது. தலைப்பு: "ரீ: ரீ: நாம் பேசிய பில்".